‘சேவ் ஆயிடுச்சு’ன்னு யார் சொன்னது?

ஒரு ஆப். பேர் வேண்டாம், விடுங்க.

போனை ஏரோபிளேன் மோடுல போட்டுட்டு, அதுல ஒரு ஃபாரத்தை நிரப்பி பட்டனை அமுக்கினேன். பச்சைக் கலர்ல ஒரு டிக் ஜிகுஜிகுன்னு சுத்தி வந்து நின்னுச்சு. கீழ "வெற்றிகரமாகப் பதிவு செய்யப்பட்டது"ன்னு ஒரு வரி.

எங்கப்பா பதிவு செஞ்ச?

டவர் இல்ல. வைஃபை இல்ல. சர்வருக்கு இப்படி ஒரு சங்கதி நடந்ததே தெரியாது. பதிவானது என் கையில இருக்கற போன்ல மட்டும். இந்த நிமிஷம் போன் தண்ணியில விழுந்தா வெற்றியும் சேர்ந்து முழுகிடும்.

(புது ஆப் எது கைக்கு வந்தாலும் இந்த ஏரோபிளேன் மோடு டெஸ்ட் வெச்சுப் பாக்கறது எனக்கு ஒரு வியாதி. பஞ்சாங்க ஆப்பைக் கூட விட்டதில்ல.)

இதுக்குப் போய் ஏன் இவ்ளோ கடுப்புன்னு கேட்டா, என் பொழப்பே இதுதான். பொள்ளாச்சியில ஒரு ஸ்டாக்கிஸ்ட்டுக்கு ஆர்டர் எடுக்கற ஆப் செஞ்சு குடுத்து, இன்னும் அதைக் கட்டி மேய்ச்சுக்கிட்டிருக்கோம். பிஸ்கட், சோப்பு, டீத்தூள், கொசுவத்தின்னு முந்நூறு சொச்சம் ஐட்டம். ரெப்புங்க காலையில பீட்டுக்கு, அதாவது அவங்கவங்க கடை ரவுண்டுக்குக் கிளம்பிடுவாங்க. டவுன் பீட்டுன்னா பிரச்னையே இல்ல. வால்பாறை பீட்டுலதான் விளையாட்டு. ஆழியார் தாண்டினதும் 40 கொண்டை ஊசி வளைவு. சிக்னல் வரும், போகும், வந்த மாதிரி காட்டும் ஆனா வந்திருக்காது. இந்தக் கடைசி ரகம்தான் படுமோசம். சுத்தமா சிக்னல் இல்லன்னா ஆப்புக்குத் தெரிஞ்சுடும். ரெண்டு கோடு காட்டிட்டு டேட்டா நகராம நிக்கும் பாருங்க, அப்ப ஆப் எந்த முடிவும் எடுக்க முடியாம முழிக்கும்.

எஸ்டேட்டுக்குள்ள ஒரு கடை. கடைக்காரர் "நாலு பெட்டி போடுங்க தம்பி"ங்கறாரு. ரெப் அமுக்கறாரு. குடோன்ல மிச்சம் அஞ்சு பெட்டிதான். அதே நேரம் கீழ கோட்டூர் ரோட்டுல இன்னொரு ரெப் அதே பிஸ்கட்டுல மூணு பெட்டி அமுக்கறாரு.

ரெண்டு போன்லயும் பச்சை டிக் வந்தா, ஒருத்தர் கிட்ட பொய் சொல்லியாச்சுன்னு அர்த்தம்.

காலேஜ்ல டேட்டாபேஸ் படிச்சவங்களுக்கு ‘ஆசிட்’ ஞாபகம் இருக்கும். ஒரு டிரான்சாக்‌ஷன்னா எல்லாம் நடக்கணும், இல்லன்னா எதுவுமே நடக்கக் கூடாது. கணக்கு உதைக்கக் கூடாது. பக்கத்துல நடக்கற இன்னொரு வேலையோட குழம்பக் கூடாது. முடிஞ்சதுன்னு சொல்லிட்டா கரண்ட் போனாலும் அழியக் கூடாது. நாலும் சேர்ந்து ஆசிட். இந்தப் பேரை 1983ல தியோ ஹேர்டரும் ஆண்ட்ரியாஸ் ராய்ட்டரும் ஒரு கட்டுரையில வெச்சாங்க. அடிப்படையைப் போட்டவங்கள்ல முக்கியமானவர் ஜிம் கிரே. 1998ல டூரிங் விருது வாங்கினவர். (2007 ஜனவரியில சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் தனியா பாய்மரப் படகுல கடலுக்குப் போனவர் திரும்பி வரவே இல்ல. அம்மாவோட அஸ்தியைக் கரைக்கப் போனார். சேட்டிலைட் படங்களை வெச்சு எத்தனையோ பேர் தேடினாங்க. படகு கூட கிடைக்கல.)

அந்தப் பெரியவங்க கரண்ட் போறதுக்கு வழி வெச்சிருந்தாங்க. டிஸ்க் அடிபடறதுக்கு வழி வெச்சிருந்தாங்க. ஆனா ஆரம்பத்துல யாரும், டேட்டாபேஸ்ல ஒரு பாதி எந்திரிச்சு மலை ஏறிப் போயிடும்னு கணக்குப் போடல.

உதாரணத்துக்கு டூ-ஃபேஸ் கமிட். பல மெஷின் சேர்ந்து ஒரே டிரான்சாக்‌ஷனை முடிக்கணும்னா இருக்கற கிளாசிக் வழி. ஒருத்தர் ஒருங்கிணைப்பாளர். முதல் சுத்துல எல்லாரையும் "ரெடியா?"ன்னு கேப்பாரு. எல்லாரும் "ரெடி"ன்னா ரெண்டாவது சுத்துல "கமிட்"னு சொல்வாரு. ஒருத்தர் முரண்டு பிடிச்சாலும் எல்லாரும் ரோல்பேக். இதுல ஒரு கண்டிஷன். ரெடின்னு சொன்னவர் அதுக்கப்புறம் தானா மனசு மாறக் கூடாது. முடிவு வர்ற வரைக்கும் லாக்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும்.

இதை அப்படியே வால்பாறைக்கு ஓட்டிப் பாருங்க. ஆர்டரை ஆரம்பிச்சது போன், அதனால போன்தான் ஒருங்கிணைப்பாளர்னு வெச்சுக்குங்க. ஒன்பதாவது வளைவுல போன் "ரெடியா?"ன்னு கேக்குது. குடோன் சர்வர் "ரெடி"ன்னு சொல்லி, பிஸ்கட் கணக்கை லாக் போட்டுட்டுக் காத்திருக்கு. பத்தாவது வளைவுல போன் மாயம். இப்ப டவுன்ல இருக்கற ஒரு ரெப்பும் அந்த பிஸ்கட்டைத் தொட முடியாது. மேல போனவர் சாயங்காலம் கீழ இறங்கற வரைக்கும்.

முதலாளி நம்மள என்ன சொல்லித் திட்டுவாருன்னு இங்க எழுத முடியாது.

சரி, லாக்கே வேண்டாம், எல்லாப் போன்லயும் ஒரு காப்பி வெச்சுக்குவோம், அவங்கவங்க இஷ்டத்துக்கு மாத்தட்டும், அப்புறமா ஒண்ணு சேத்துக்கலாம்னு அடுத்து தோணும். எல்லாருக்கும் தோணும். டெமோவுல ரெண்டு போனை வெச்சுக் காட்டினா ஜோரா ஓடும். கைதட்டல் எல்லாம் கிடைக்கும்.

இந்த இடத்துலதான் எனக்கு ஒரு பழைய கட்டுரை கண்ணுல பட்டுச்சு. 1996. அதே ஜிம் கிரே, கூட பாட் ஹெலண்ட், பேட்ரிக் ஓநீல், டென்னிஸ் ஷாஷா. பிரதி வைக்கறதோட ஆபத்துகளும் அதுக்கு ஒரு தீர்வும்ங்கற மாதிரி தலைப்பு. அவங்க கணக்குப் போட்டுக் காட்டறது இதுதான்: யார் வேணா எங்கிருந்து வேணா மாத்தலாம்னு விட்டா, மெஷின் எண்ணிக்கையும் டிராஃபிக்கும் பத்து மடங்கு ஏறறப்ப, முட்டல் மோதல் ஆயிரம் மடங்கு ஏறும். ரெண்டு போன்ல ஓடினது இருபது போன்ல ஏன் நாறுதுன்னு நாங்க மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தோம். 1996லயே எழுதி வெச்சுட்டுப் போயிருக்காங்க. எனக்குக் கோவம் வரணும், ஆனா வந்தது சந்தோஷம். டீ சொல்லிட்டு உக்காந்து முழுசாப் படிச்சேன்.

தீர்வு என்னன்னா, ரெண்டு அடுக்கு. கீழ எப்பவும் கனெக்‌ஷன்ல இருக்கற மெஷினுங்க. அசல் கணக்கு அவங்க கிட்ட. மேல அப்பப்ப வந்து போற மொபைல் மெஷினுங்க. மொபைல் கையில ஒவ்வொரு விஷயத்துக்கும் ரெண்டு மதிப்பு இருக்கும். ஒண்ணு, கடைசியா சர்வர் கிட்டப் பாத்த அசல். இன்னொண்ணு, நான் பண்ணின மாத்தம் எல்லாம் சேத்த உத்தேச மதிப்பு. கனெக்‌ஷன் திரும்பினதும் உத்தேச மதிப்பைத் தூக்கிக் கடாசிடணும். மதிப்பை அனுப்பவே கூடாது. என்ன பண்ணினேங்கறதை அனுப்பணும். சர்வர் அந்த வேலையைத் தன்னோட அசல் கணக்கு மேல மறுபடி முதல்லேர்ந்து ஓட்டிப் பாக்கும். ஒத்துக்கற மாதிரி இருந்தா கமிட். இல்லன்னா காரணத்தோட திருப்பி அனுப்பும்.

இதுல இருக்கற நுணுக்கத்தைப் பாருங்க. போன் "இருப்பு ஒண்ணு"ன்னு எழுதி அனுப்பினா, அது அடுத்தவர் எழுதினதை அழிச்சுடும். "நாலு குறை"ன்னு அனுப்பினா, யாருது முன்னாடி வந்தாலும் கூட்டிக் கழிச்சா ஒரே விடைதான். நாலு குறை, மூணு குறை, வரிசை மாறினாலும் ஏழு குறையும். அஞ்சுதான் இருக்குன்னா ரெண்டாவது ஆளைச் சர்வர் நிறுத்தும். எங்க ஆப்ல இந்த ஒரு மாத்தத்தைப் பண்ணினதும் பாதி தலைவலி போச்சு.

மீதிப் பாதி? நிறுத்தப்பட்ட ரெண்டாவது ஆள்.

அவர் கடையை விட்டுக் கிளம்பி நாலு மணி நேரம் ஆச்சு. கடைக்காரர் கிட்ட சரக்கு வரும்னு சொல்லியாச்சு. இப்ப ஆப் "மன்னிக்கவும்"னு ஒரு மெசேஜ் காட்டினா என்ன பிரயோஜனம்? திரும்பி 40 வளைவு ஏறுவாரா?

இதுக்குப் பதில் இன்னொரு பழைய ஆராய்ச்சியில இருந்துச்சு. பேயூ. ஜெராக்ஸ் கம்பெனியோட பார்க் ஆய்வுக்கூடம், 1990கள்ல, டக் டெர்ரியும் அவர் கூட்டாளிகளும் செஞ்சது. 1995ல வந்த கட்டுரையில அவங்க எடுத்துக்கிட்ட உதாரணம் மீட்டிங் ரூம் புக்கிங். அவங்க சிஸ்டத்துல ஒரு மாத்தத்தை எழுதி அனுப்பறப்பவே கூட ரெண்டு விஷயம் கட்டி அனுப்பணும். ஒண்ணு, எந்த நிலைமையை நம்பி இதைப் பண்றேன்ங்கற சோதனை: "பத்து மணிக்கு அந்த ரூம் காலியா?" இன்னொண்ணு, அது பொய்யாப் போனா என்ன பண்றதுங்கற குறிப்பு: "இல்லன்னா பதினொண்ணு, அதுவும் இல்லன்னா நாளைக்குக் காலையில." ஆக, மோதல் வந்தப்புறம் ஆளைத் தேடிக் கேக்க வேண்டியதில்ல. ஆள் எதிர்ல இருக்கறப்பவே கேட்டு வெச்சாச்சு.

நாங்க ஆர்டர் ஸ்கிரீன்ல ஒரே ஒரு கேள்வி சேத்தோம். சரக்கு பத்தலன்னா? ‘இருக்கறதை அனுப்பு’, ‘மாத்துச் சரக்கு’, ‘வேண்டாம்’. அவ்ளோதான். ரெப் கடைக்காரர் கிட்டக் கேக்கறாரு, அவர் சொல்றாரு, ஆர்டரோட போயிடுது. இதைப் பாத்துட்டு அங்க இருக்கற வயசான ரெப் ஒருத்தர், "நாங்க ஆர்டர் புக்குல ஓரத்துல எழுதிட்டு வருவோமுங்க, அதத்தான நீங்க இப்ப போட்டிருக்கீங்க?"ன்னாரு. ஆமாங்கண்ணா. அதேதான். ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடமும் பொள்ளாச்சி ஆர்டர் புக்கும் ஒரே இடத்துல வந்து நிக்குது. எனக்கு அன்னைக்குப் பூரா குஷி.

பேயூவுல இன்னொரு அழகான சமாச்சாரம். ஒரு எழுத்து முதல்ல ‘உத்தேசம்’. பிரைமரி சர்வர் ஒண்ணு அதை வரிசைப்படுத்தி உறுதி செஞ்சப்புறம்தான் ‘கமிட்’. இந்த வித்தியாசத்தைப் பயன்படுத்தறவர் கண்ணுக்கும் காட்டணும்ங்கறது அவங்க கட்சி. உத்தேச புக்கிங் ஸ்கிரீன்ல வேற நிறத்துல தெரியும். நம்ம ரயில் டிக்கெட் மாதிரின்னு வெச்சுக்குங்க. வெயிட்டிங் லிஸ்ட், ஆர்ஏசி, கன்ஃபர்ம். வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டைக் கையில வெச்சிருக்கறவருக்குத் தன் நிலைமை நல்லாத் தெரியும். சார்ட் போடற வரைக்கும் போனைப் பாத்துக்கிட்டே இருப்பாரு, பஸ்ஸுக்கும் ஒரு கண்ணு வெச்சிருப்பாரு. ரயில்வேயைத் திட்ட ஆயிரம் காரணம் இருக்கலாம், இந்த விஷயத்துல மட்டும் அவங்க யாரையும் ஏமாத்தறதில்ல. முப்பது வருஷத்துக்கு முன்னாடியே ஆராய்ச்சிக்காரங்க இதைக் காட்டிட்டாங்க. ரயில்வே தினமும் காட்டுது. ஆப் டிசைன் பண்றவங்க மட்டும் எல்லாத்துக்கும் பச்சை டிக் போட்டு மூடி வெக்கறாங்க. "யூசருக்கு டென்ஷன் குடுக்கக் கூடாது பாஸ்"னு ஒரு வியாக்கியானம் வேற.

என் கட்சி ரொம்பச் சின்னது: போனுக்கு "முடிஞ்சது"ன்னு சொல்ல உரிமை கிடையாது. "எழுதிக்கிட்டேன், கேட்டுச் சொல்றேன்"ன்னு மட்டும் சொல்லலாம்.

அதனால மஞ்சள் கலர்ல ஒரு மணல் கடிகாரம் போட்டோம்.

அது ஒரு கூத்து.

மணல் கடிகாரத்தைப் பாத்தா ரெப்புங்களுக்கு ‘ஆப் தொங்கிடுச்சு’ன்னுதான் தோணுச்சு. தோணினா என்ன பண்ணுவாங்க? மறுபடி அமுக்குவாங்க. மறுபடி. மறுபடி. ஒரே நாலு பெட்டி ஆர்டர் அஞ்சு தடவை குடோனுக்கு வந்து சேர்ந்துச்சு. மணல் கடிகாரத்தை எடுத்துட்டு, ஒரு சின்ன மேகம், பக்கத்துல "போன்ல இருக்கு, குடோனுக்குப் போகணும்"னு எழுத்துலயே போட்டப்புறம்தான் அமுக்கறது நின்னுச்சு.

ஆனா விரல் நின்னாலும் ரீட்ரை நிக்காது. மொபைல் டிரான்சாக்‌ஷன்ல என்னைக் கேட்டா இதுதான் எல்லாத்துக்கும் தலை. போன் ஆர்டரை அனுப்புது. பதில் வரல. ஏன் வரல? அனுப்பினது வழியிலயே தொலைஞ்சிருக்கலாம். இல்லன்னா சர்வருக்குப் போய், கமிட்டும் ஆகி, "ஓகே"ங்கற பதில் திரும்பி வர்ற வழியில தொலைஞ்சிருக்கலாம். போன் பக்கத்துலேர்ந்து பாத்தா ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. மறுபடி அனுப்பலன்னா ஆர்டர் போச்சு. அனுப்பினா டபுள்.

டைம்அவுட்டைக் கூட்டிப் பாத்தோம், குறைச்சுப் பாத்தோம். பேட்டரிதான் காலியாச்சு. சரக்கு, கடை, நேரம் மூணும் ஒண்ணா இருந்தா டூப்ளிகேட்னு சர்வர்ல ஒரு ரூல் போட்டுப் பாத்தோம். அது நிஜமாவே ரெண்டு தடவை சொன்ன கடைக்காரரை வெட்டிடுச்சு. கடைசியில நின்னது ஊருக்கே தெரிஞ்ச வழிதான்: பட்டனை அமுக்கற அந்த நொடியில, போனே அந்த ஆர்டருக்கு ஒரு தனி அடையாள எண் போட்டுடும். நூறு தடவை அனுப்பினாலும் அதே எண். சர்வர் ஏற்கெனவே அந்த எண்ணைப் பாத்திருந்தா புதுசா எதுவும் செய்யாது, பழைய பதிலையே திருப்பிக் குடுத்துடும். நுணுக்கம் என்னன்னா, அந்த எண்ணைப் பதிஞ்சு வெக்கறதும் இருப்பைக் குறைக்கறதும் சர்வர்ல ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள்ள இருக்கணும். தனித்தனியா வெச்சீங்கன்னா, நடுவுல கரண்ட் போற அன்னைக்குத் தெரியும் சேதி.

போன் பக்கமும் இதே கதைதான். ஆர்டரையும், ‘இதை அனுப்பணும்’ங்கற க்யூ வரிசையையும் எஸ்கியூலைட்ல ஒரே டிரான்சாக்‌ஷனா எழுதணும். ஆர்டர் மட்டும் எழுதி க்யூ எழுதலன்னா ரெப் கண்ணுக்கு ஆர்டர் தெரியும், ஆனா அது காலத்துக்கும் கிளம்பாது.

(எஸ்கியூலைட் பொறந்த கதை தெரியுமா? ரிச்சர்ட் ஹிப்னு ஒருத்தர் அமெரிக்கக் கடற்படையோட போர்க்கப்பலுக்கு ஒரு சாஃப்ட்வேர் எழுதிக்கிட்டிருந்தாரு. டேட்டாபேஸ் சர்வர் படுத்துடுச்சுன்னா, இவர் புரோகிராம் ‘கனெக்ட் பண்ண முடியல’ன்னு காட்டும், திட்டு இவருக்கு விழும். சர்வரே இல்லாத டேட்டாபேஸ் ஒண்ணு எழுதினா என்னன்னு கிளம்பி, 2000ல வெளியிட்டாரு. இன்னைக்கு உங்க போன்ல அது இல்லாத மூலையே இல்ல. கடுப்புல பொறந்த சாஃப்ட்வேருக்கு எப்பவும் ஆயுசு கெட்டி.)

மணி பாக்கற விஷயத்தையும் சொல்லிடறேன். ரெண்டு பேர் ஒரே கடையோட போன் நம்பரை மாத்தினா யாருது நிக்கணும்? ‘கடைசியா எழுதினவருது’ன்னு சுலபமா சொல்லிடலாம். கடைசின்னு எந்தக் கடிகாரத்தை வெச்சுச் சொல்றது? ஒரு ரெப்போட போன்ல தேதி ரெண்டு நாள் முன்னாடி ஓடிக்கிட்டிருந்துச்சு. விசாரிச்சா, மிட்டாய் அடுக்கற கேம்ல ‘லைஃப்’ தீர்ந்து போச்சாம், தேதியைத் தள்ளி வெச்சா புது லைஃப் குடுக்குமாம். அதனால அவர் எழுதினதெல்லாம் எதிர்காலத்துலேர்ந்து வந்து மத்தவங்களை எல்லாம் ஜெயிச்சுக்கிட்டே இருந்துச்சு. வரிசையைக் கடிகாரம் முடிவு பண்ணக் கூடாது, எண்ணிக்கை முடிவு பண்ணணும்னு லெஸ்லி லாம்போர்ட் 1978லயே சொன்னதை, எனக்கு ஒரு மிட்டாய் கேம் வந்து சொல்லிக் குடுத்துச்சு. இப்ப வரிசை எண் சர்வர் போடறதுதான். போன் மணி சும்மா பாக்கறதுக்கு.

இந்தத் துறையில கங்காரு டிரான்சாக்‌ஷன்னே ஒண்ணு இருக்கு. சத்தியமா. 1997ல மார்கரெட் டன்ஹமும் கூட ரெண்டு பேரும் எழுதினது. போனை வெச்சிருக்கறவர் ஒரு டவர்லேர்ந்து இன்னொரு டவருக்கு மாறறப்ப, டிரான்சாக்‌ஷனும் குதிச்சுக் குதிச்சுப் போகுமாம். ஒவ்வொரு டவர்லயும் நடக்கற துண்டுக்கு ‘ஜோயி’, அதாவது கங்காருக் குட்டி. பேருக்காகவே ஒரு முத்தம் குடுக்கலாம். ஆனா இன்னைக்கு அது நம்மளுக்குத் தேவைப்படறதில்ல, ஏன்னா டவர் மாறறதை நெட்வொர்க்கே மறைச்சுடுது. வைஃபைலேர்ந்து போன் டேட்டாவுக்கு மாறறப்பதான் இன்னும் அறுந்துக்கிட்டிருந்துச்சு. அதுக்கும் 2021ல தரமா வந்த குயிக் புரோட்டோகால்ல, ஐபி முகவரி மாறினாலும் கனெக்‌ஷன் அறுந்து போகாத மாதிரி ஒரு அடையாளம் வெச்சுட்டாங்க.

அதை விட நமக்கு நெருக்கமானது கோடா. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்துல மகாதேவ் சத்யநாராயணன் நடத்தின ஆராய்ச்சி. நம்ம ஐஐடி மெட்ராஸ்ல படிச்சுட்டுப் போனவர். நெட்வொர்க் அறுந்தாலும் ஃபைலை வெச்சு வேலை பாக்கலாம்னு 1991ல ஜேம்ஸ் கிஸ்லரோட சேந்து காட்டினார். கிளம்பறதுக்கு முன்னாடி வேணும்ங்கறதைப் பதுக்கி வெச்சுக்கோ, வெளியில இருக்கறப்ப போனே, ஐ மீன் லேப்டாப்பே, சர்வர் மாதிரி நடிக்கட்டும், திரும்பி வந்ததும் கணக்கை நேர் பண்ணு. மூணே நிலை. மோதல் வராதான்னா, அவங்க பழைய பதிவுகளை எடுத்துப் பாத்திருக்காங்க. ஒரு ஃபைலை மாத்தறவர் 99 சதவீதத்துக்கு மேல, அதைக் கடைசியா மாத்தின அதே ஆள்தான். அப்புறம் எதுக்கு லாக்?

ஃபைலுக்கு இது சரி. பிஸ்கட்டுக்குச் சரிவராது. ஃபைல் என்னுது, உன்னுதுன்னு பிரிஞ்சிருக்கும். குடோன் இருப்பு ஊருக்கே பொது. எல்லா ரெப்பும் மாத்தற ஒரே எண் அது. ‘ஆஃப்லைன் சப்போர்ட்’னு மொத்தமா ஒரு லைப்ரரியை வாங்கிப் போட்டு எல்லா டேபிளையும் ஒரே மாதிரி சிங்க் பண்றவங்களைப் பாத்தா இதனாலதான் எனக்குப் பகீர்ங்குது. கடை முகவரி வேற ஜாதி, இருப்பு வேற ஜாதி.

அப்ப இருப்பை என்னதான் பண்றது? பொது எண்ணைப் பங்கு போட்டுடறது. இதுக்கு எஸ்க்ரோன்னு பேர் வெச்சு 1986ல எழுதினவர் பேட்ரிக் ஓநீல். (மேல 1996 கட்டுரையில வந்த அதே ஆள்.) ஒரு அளவை முன்கூட்டியே ஒதுக்கி வாங்கிக்கிட்டா, அந்த அளவுக்குள்ள நீ யாரையும் கேக்க வேண்டாம். நெட் இருந்தா என்ன, இல்லன்னா என்ன.

ஸ்டாக்கிஸ்ட் கிட்டயே வேன் சேல்ஸ்னு ஒண்ணு தனியா ஓடுது. காலையில வேன்ல சரக்கு ஏத்திடுவாங்க, கடை வாசல்லயே பில் போட்டு இறக்கிடுவாங்க. அந்த வேன் போன்ல இருப்புக் குழப்பம்னு ஒரு கம்ப்ளெயின்ட் வந்ததே இல்ல. எப்படி வரும்? பங்கு காலையிலயே பிரிச்சாச்சு. வேன்ல இருக்கறதுதான் வேன் கணக்கு. அதைப் பாத்துட்டு, வால்பாறை பீட்டுக்கும் வேகமா ஓடற சரக்குல மட்டும் காலையில ஒரு பங்கை ஒதுக்கிக் குடுத்தோம். பங்குக்குள்ள அடங்கற ஆர்டர்னா, மலை மேலயும் ரெப் தைரியமா "வரும்"னு சொல்லலாம். மிஞ்சினா மட்டும் மேகம். சாயங்காலம் மிச்சப் பங்கு குடோனுக்குத் திரும்பிடும். இதுல நஷ்டமும் இருக்கு: மேல பங்கு சும்மா கிடக்கறப்ப கீழ டவுன்ல ‘ஸ்டாக் இல்ல’ன்னு காட்டும். எவ்ளோ ஒதுக்கறதுங்கறது கம்ப்யூட்டர் கேள்வி கிடையாது, முதலாளியோட கேள்வி. அவர் ஒவ்வொரு மாசமும் மாத்திக்கிட்டிருக்காரு.

யூபிஐ லைட் வெச்சிருக்கீங்களா? அதுவும் இதேதான். 2022 செப்டம்பர்ல வந்துச்சு. உங்க பணத்துல ஒரு சின்னப் பங்கை முன்னாடியே ஒதுக்கி வெச்சுடறீங்க. டீக்கடையில செலவு பண்றப்ப, பேங்க்கோட பெரிய கணக்கை அந்த நேரத்துல தொட வேண்டியதில்ல. 2024 டிசம்பர்ல ரிசர்வ் பேங்க் வெச்ச வரம்பு, ஒரு தடவைக்கு 1,000 ரூபாய், மொத்தமா 5,000. அந்த வரம்பு எதுக்கு? எது தப்பாப் போனாலும் நஷ்டம் அதுக்கு மேல போகாது. பங்கோட அளவுதான் பயத்தோட அளவு.

பங்கு போட முடியாத பெரிய தொகை? அங்க வேற மருந்து. 1987ல ஹெக்டர் கார்சியா-மோலினாவும் கென்னத் சேலமும் ‘சாகா’ன்னு ஒண்ணு எழுதினாங்க. நீளமான வேலையைத் துண்டு துண்டா கமிட் பண்ணு, நடுவுல ஒண்ணு படுத்துட்டா முன்னாடி முடிஞ்சதுக்கெல்லாம் எதிர் வேலை ஒண்ணு செஞ்சு சரிக்கட்டு. கணக்கு எழுதறவங்க இதைக் கேட்டா சிரிப்பாங்க. ரிவர்ஸ் என்ட்ரி, கிரெடிட் நோட்டு, வேற என்ன. ஆனா இதுல ‘எப்ப சரிக்கட்டுவ’ங்கறதை யாராவது கழுத்தைப் பிடிச்சுக் கேட்டாத்தான் நடக்கும். நம்ம ரிசர்வ் பேங்க் கேட்டுச்சு. 2019 செப்டம்பர் 20ம் தேதி சர்க்குலர்: யூபிஐல ஒருத்தருக்கு அனுப்பின பணம் உங்க கணக்குல பிடிச்சு அவருக்குப் போய்ச் சேரலன்னா, மறுநாளுக்குள்ள தானா திரும்பணும். கடைக்குக் குடுத்ததுன்னா அஞ்சு நாள். தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்கு நஷ்டஈடு. டிரான்சாக்‌ஷன் மேனேஜ்மென்ட் பத்தி நான் படிச்சதுலயே தெளிவா எழுதினது ஒரு அரசாங்க சர்க்குலர்னு சொன்னா நம்ப மாட்டீங்க. சரிக்கட்டும் வேலைக்குக் கெடுவும் அபராதமும் போட்ட டேட்டாபேஸ் கட்டுரை ஒண்ணைக் கூட நான் பாத்ததில்ல.

இப்ப எங்க மண்டையில ஓடிக்கிட்டிருக்கறது பில் நம்பர்.

வேன்ல பில் போடறாங்கன்னு சொன்னேன்ல. ஜிஎஸ்டி விதி 46 படி பில் நம்பர் தொடர் வரிசையா இருக்கணும், ஒரு நிதியாண்டுக்குள்ள திரும்ப வரக் கூடாது, 16 எழுத்தைத் தாண்டக் கூடாது. நெட் இல்லாத ரெண்டு வேன், ஒரே வரிசையில அடுத்த நம்பரை எப்படி எடுக்கும்? சர்வரைக் கேக்க முடியாது. இஷ்டத்துக்கு ஒரு நீள எண் போட்டா வரிசை போச்சு, 16 எழுத்தும் போச்சு. நல்லவேளை, அதே விதி ஒண்ணுக்கு மேல வரிசை வெச்சுக்கலாம்னு அனுமதிக்குது. ஆக வேனுக்கு ஒரு முன்னெழுத்து, வேனுக்கு ஒரு தனி வரிசை. மறுபடியும் பங்குதான்.

சரி, அந்த வேன் போன் மதியம் உடைஞ்சு போச்சுன்னா? புது போன்ல அதே வரிசையை எந்த நம்பர்லேர்ந்து தொடங்கறது? கடைசியா சர்வருக்கு வந்த பில் 118. ஆனா உடைஞ்ச போன் அதுக்கப்புறம் 121 வரைக்கும் அச்சடிச்சுக் கடையில குடுத்திருக்கலாம். 119லேர்ந்து தொடங்கினா ஒரே நம்பர்ல ரெண்டு பில். 150க்குத் தாவினா நடுவுல ஓட்டை, ஆடிட்டர் கேப்பாரு. இப்போதைக்கு, போன் மாறினா முன்னெழுத்தையும் மாத்திப் புது வரிசை தொடங்கிடறோம்; உடைஞ்ச போன்ல மாட்டின பில்லுங்களை அந்தந்தக் கடையில இருக்கற காப்பியைப் பாத்து, ஒருத்தர் உக்காந்து கையால ஏத்தறாரு. ஆடிட்டர் இன்னும் வாயைத் திறக்கல. மார்ச்சுக்கு அப்புறம் என்ன சொல்றாருன்னு பாத்துட்டு எழுதறேன்.